தேத்தண்ணி நிறத்தில் ஒரு கடல்

அக்காவிடம் யாராவது கடல் என்ன நிறம் என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டால் போதும். "எந்தக் கடலு? எத்தன மணிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். கேட்டவர் அதோடு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். போகாமல் நின்றவர்களில் நானும் ஒருவன். அதற்கான பலனை அனுபவித்தேன்.

சுங்கைப்பட்டாணியை ஒட்டிய எங்கள் தாமான் குடியிருப்பில், எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடு தள்ளி இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே மின்சுற்றுப் போட்ட பச்சைத் தகடுகள் ஒவ்வொன்றாக வரும். அக்கா பார்த்து 'பாஸ்' அல்லது 'ரிஜெக்ட்' சொல்ல வேண்டும். வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் வேலையை விடாது. என் மனைவி ஆசையாகத் தோசை கொண்டுபோய்க் கொடுத்தால், "ருசி பாஸு. வலது ஓரம் மெலிசு," என்பார். ஒரு கல்யாணத்தில் மேடையேறி அட்சதை போட்டுவிட்டு மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிவிட்டு இறங்கினார். மாப்பிள்ளை அன்று முழுக்க மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எடது பக்கம் ரெண்டு மில்லி கூட இருக்கு தம்பி. போட்டோவுல வந்துடும்லா."

இப்படிப்பட்டவர் படம் வரைய ஆரம்பித்தால் என்ன ஆகும்?

கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் கடல் வரையும் காணொளிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். தூரிகை பிடிப்பதை எடுத்துக்கொண்டார். நீலத்தை விட்டுவிட்டார். லீவு நாள்களில் அலோர் ஸ்டாருக்கு ஒரு பஸ், அங்கிருந்து கோலா கெடாவுக்கு இன்னொரு பஸ். மடக்கு நாற்காலி, குடை, அட்டை, வண்ணப் பெட்டி. இன்னும் பக்கத்தில் கடற்கரை இருக்கிறதே என்றால், "அங்க போற பஸ்ஸு எனக்குப் புடிக்கல," என்பார்.

ஆற்றுவாயில் இருக்கும் மீன்பிடி ஊர் கோலா கெடா. அந்த இடத்துக் கடல் நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆறு கொண்டுவந்த சேறெல்லாம் சேர்ந்து பழுப்பாகத்தான் இருக்கும். அந்தப் பழுப்பைப் பிடிக்க அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. முதலில் கடையில் தே தாரிக், அதாவது ஆற்றிய பால் தேத்தண்ணி, பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவார். உறிஞ்சுகுழலோடு அதைக் கடலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். பால் கூடிவிட்டது என்று தெரிந்தால் கடைக்குத் திரும்பிப் போய், 'சூசு கூராங்', இனிப்பு டின்பால் கம்மியாக, என்று இன்னொன்று வாங்குவார். கடைக்கார மலாய்க்கார அம்மா, இவருக்குச் சர்க்கரை வியாதி என்று நினைத்து வருத்தப்பட்டதாகக் கேள்வி.

அக்காவின் படங்களில் முக்கால் பங்கு வானம்தான், அதுவும் தேய்த்துக் கவிழ்த்த அலுமினியச் சட்டி நிறத்தில். அதற்குக் கீழே ஒரு விரற்கடை கடல். அதற்கும் கீழே சேறு. சேற்றில் சாய்ந்து கிடக்கும் படகுகள். தென்னை மரம் கிடையாது, அலை கிடையாது, சூரியன் இறங்காது. தெற்கே ஜெராய் மலை தெரியுமே, அது எங்கே என்று கேட்டால், "அன்னிக்கு மலை வரல," என்பார். படத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால், "தண்ணி வத்துது." முதலில் பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். ஆனால் ஒரு ஐந்து நிமிடம் நின்று பார்த்தால், அத்தனை நேரம் ஓடிக்கொண்டிருந்த மனசு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எனக்கு அப்படித்தான் இருந்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, சிரிப்பார்கள் என்று.

ஒவ்வொரு படத்தின் முதுகிலும் தொழிற்சாலையில் பெட்டிக்கு ஒட்டுவதுபோல ஒரு சீட்டு ஒட்டியிருப்பார். இடம், நேரம், தண்ணி, மேகம், படகு எத்தனை, நாய் எத்தனை. கீழே கையெழுத்து. பார்த்தது மட்டும்தான் உள்ளே இருக்கும். பார்த்தது எதுவும் விடுபட்டிருக்காது. மிதந்து வந்த ஒற்றைச் செருப்பைக்கூட விடமாட்டார்.

கோயில் தலைவர் இது தெரியாமல் மாட்டிக்கொண்டார். திருவிழா மேடைக்குப் பின்னால் கட்ட ஒரு திரை வேண்டும், திருச்செந்தூர் கடல் வரைந்து கொடுங்கள் என்று வீடு தேடி வந்தார்.

"நான் திருச்செந்தூரு போனதில்லையே," என்றார் அக்கா.

தலைவர் ஒரு காலண்டரை நீட்டினார். அக்கா அதை வாங்கி, பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "இது காலண்டருக்காரன் பாத்தது. நான் பாத்தது கோலா கெடா. அத போடவா?"

கடல் என்றால் கடல்தானே என்று தலைவர் தலையாட்டிவிட்டுப் போனார். திருவிழாக் காலையில் திரையை விரித்துக் கட்டிய பிறகுதான் பார்த்தார். முருகன் சிலைக்குப் பின்னால் பழுப்புக் கடல். அதில் லங்காவி போகும் ஃபெரி, ஜன்னல் ஜன்னலாக. அய்யர் அபிஷேகத்தை ஆரம்பித்துவிட்டார், இனி ஒன்றும் செய்ய முடியாது.

"ஃபெரிய மட்டும் விட்டிருக்கலாம்லா, அக்கா," என்று தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பத்தேகால் ஃபெரி அது. அது போறப்ப நான் எப்படி விட முடியும்? சாமிய நான் பாக்கல, அதனாலதான் நடுவுல எடம் விட்டேன். செல வந்ததும் சரியாப் போச்சு பாருங்க."

பக்தர்கள் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் முருகன் எந்த ஃபெரியில் வந்தார் என்று அவள் அம்மாவைக் கேட்டாள்.

இதையெல்லாம் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் நான். என் முறை வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நானும் கூலிமில்தான், வேறொரு தொழிற்சாலையில், வேலை பார்த்தேன். ஒருநாள் எங்கள் பகுதியையே மூடிவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின மாதம்தான், எனக்கு 'லைன் லீடர்' பதவி வரப்போகிறது என்று என் மனைவி அவள் அண்ணன், தங்கை, சித்தி எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள். சொல்லச் சொன்னவனும் நான்தான். அந்த வாயால் இதை எப்படிச் சொல்வது? கம்பெனி பஸ் பாதை மாறிவிட்டது, இனி மோட்டார் சைக்கிளில் போய்க்கொள்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். வழக்கம்போலச் சீருடை மாட்டிக்கொண்டு, அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு காலையில் கிளம்புவேன். எங்கே போவது? சுங்கைப்பட்டாணியில் தெரிந்த முகங்கள். கூலிமில் அதைவிட அதிகம். தெரிந்தவர்களே இல்லாத ஊர் வேண்டுமென்று கோலா கெடாவுக்குப் போனேன். அக்கா வருவது ஞாயிற்றுக்கிழமைதானே என்று ஒரு கணக்கு, ஷிப்ட் லீவு வாரநாளிலும் வரும் என்பதை மறந்து.

இதைத்தான் விதி என்பார்கள். நான் புத்தி என்று நினைத்தேன்.

படகுத்துறை ஓரம் ஒரு காலி மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று ஒரு தடவைகூடத் திரும்பாமல் கடலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறவன்தான் அவ்வப்போது திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அந்த அறிவு இருந்திருந்தால் லைன் லீடர் ஆகியிருப்பேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைப் பாய், கடைக்குப் புதுச் சாயம் பூசியிருந்தார். காலிச் சுவருக்குப் பெரிதாக ஒரு கடல் படம் வேண்டும் என்று அக்காவிடம் சொன்னார். "நீலக் கடல், சூரியன் எறங்கணும், மலை தெரியணும்." அக்கா, "கடலு வேணும், அவ்வளவுதானே," என்றார். பாய் ஆமாம் என்றார். அவருக்கும் கோயில் தலைவருக்கும் பழக்கமில்லை.

நாலடிக்கு ஆறடிப் பலகை. அக்கா கொண்டுவந்து மாட்டியதும் பாய் கிட்டப் போய்ச் சூரியனைத் தேடினாராம். ஆனாலும் சொன்ன சொல் தவறாதவர். மாட்டியது மாட்டியபடி இருந்தது. கடைக்கு வந்தவர்கள்தான் சும்மா இருக்கவில்லை. "பாய், மிச்ச தேத்தண்ணியெல்லாம் இங்கதான் ஊத்துறீங்களா?" என்று ஒருவர். "இல்லலா, அங்கேருந்துதான் அள்ளிக்கிட்டு வராரு," என்று இன்னொருவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். அதே வானம், அதே சேறு, ஏழு படகு, ஒரு நாய். வலது ஓரத்தில், கட்டைவிரல் அளவில், மீன்பெட்டி மேல் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள். வெளிர்நீலச் சீருடை. முதுகில் சாம்பல் பட்டை. பக்கத்தில் சிவப்பு ஹெல்மெட்.

பிய்த்த ரொட்டியைத் தட்டிலேயே வைத்தேன். என் முதுகை நான் அதுவரை பார்த்ததில்லை. கூன் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மனைவி படத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லா இருக்குலா," என்று சொல்லிவிட்டுப் பருப்புக் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டாள். கண்டுபிடிக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் அந்தக் கடைக்கு வாராவாரம் வருகிறவள். இன்று இல்லாவிட்டால் நாளைக்கு.

நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல், "அக்கா, அந்த ஆள எடுத்துடுங்க," என்றேன்.

"நீ அங்க இருந்தியா, இல்லியா?"

"இருந்தேன்."

"அப்புறம் என்ன?"

"அது மேல ஒரு பொட்டிய வரைஞ்சிடலாம்லா. பூனை கூட போடலாம்."

"பூன அன்னிக்கு இல்ல." அக்கா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார், பூதக்கண்ணாடி இல்லாமலேயே. "ஏன் அங்க வந்து உக்காந்திருந்தன்னு நான் கேட்டனா தம்பி? கேக்க மாட்டேன். ஆனா பதினெட்டு வருஷமா நான் பாத்து பாஸ் போட்டது எத்தனையோ, எதுலயும் என் பேரு கெடையாது. இந்தப் படம் ஒண்ணுதான் நாலு பேரு பாக்கற எடத்துல இருக்கு. அதுல போய் பொய்ய வைக்கச் சொல்றியே."

இதைக் கேட்ட பிறகு வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நான் மனிதன். நேராகப் பாயிடம் போனேன். "என்ன பாய், கஸ்டமரெல்லாம் பேசிக்கிறாங்க. சேத்தப் பாத்துக்கிட்டே யாரு சாப்பிடுவாங்க? நீலமா மாத்தி வரையச் சொல்லுங்க. ஓரத்துல யாரோ ஆளு வேற உக்காந்திருக்கான், கடைக்கே தரித்திரம்," என்றேன். நான்கு நாள், தேத்தண்ணி குடிக்கும்போதெல்லாம் சொன்னேன். கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். பாய் கல்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு அக்காவைக் கூப்பிட்டுவிட்டார். நானும் மனைவியும் கடையில்தான் இருந்தோம். பாய் கையைப் பிசைந்துகொண்டு, "கொஞ்சம் நீலம் பூசிக் குடுத்துடுங்களேன் தங்கச்சி. இல்லன்னா எடுத்துட்டு வேற மாட்டலாம்னு..." என்று இழுத்தார்.

அக்கா சண்டை போடவில்லை. படத்தை ஒரு தடவை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "ரிஜெக்ட்னா ரிஜெக்ட்தான் பாய். அது ஒங்க உரிம," என்று சொல்லி நாற்காலி போட்டு ஏறினார். கொக்கியிலிருந்து கழற்றி, படம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி தரையில் சாய்த்து வைத்தார். தகடு தகடாகப் பிடித்துப் பழகிய கை அது, ஓரம்கூட இடிபடவில்லை. என் பொய்யைக் காப்பாற்ற ஒரு மனுஷியின் ஒரே படத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அன்று என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது.

அப்போது என் மனைவி எழுந்தாள். "அக்கா, அத எங்க வீட்டுக்குக் குடுங்க. ஹால்ல மாட்டிக்கறேன்."

வெறுப்பெல்லாம் அதோடு பறந்துபோனது. "நம்ம ஹால்ல எடம் எங்க?" என்றேன்.

"டீவிக்கு மேல," என்றாள்.

நானும் அவளுமாகத்தான் பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். படம் அவள் பக்கம், முதுகு என் பக்கம். வழி முழுக்க என் மூக்குக்கு நேரே அந்தச் சீட்டு. இடம்: கோலா கெடா. நேரம்: 10.20. தண்ணி: வத்தல். மேகம்: முழுசா. படகு: 7. நாய்: 1. ஆள்: 1.

மாட்டி முடித்ததும் மனைவி சோபாவில் உட்கார்ந்தாள். டீவியைப் போடவில்லை.

"அந்த ஆளு என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு?" என்று கேட்டாள்.

"கடலத்தான்."

"எத்தன நாளா?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் எழுந்துபோய் படத்தில் அந்த முதுகின் மேல் விரலை வைத்தாள். தோள்பட்டைக்குக் கீழே, ஊசிமுனை அளவில், மெரூன் நிறத்தில் ஒரு புள்ளி. பஸ் இருக்கையின் ஆணியில் மாட்டிக் கிழிந்த சட்டை அது. நீலத் துணி கிடைக்காமல், அவள் தன் பழைய ரவிக்கையை வெட்டி ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். நான் மறந்தே போயிருந்தேன். அக்கா பார்த்திருக்கிறார்.

"அஞ்சு வாரமா," என்றேன்.

"போன ஞாயித்துக்கெழமையே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்." விரலை இன்னும் எடுக்கவில்லை. "நான் கட்டிக் குடுத்த சோத்த அங்கயா தின்னீங்க?"

"ஆமா."

"தனியாவா?"

"அந்த நாய்க்குக் கொஞ்சம் போடுவேன்."

அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். நானும் அழுதேன். திட்டினதெல்லாம் இங்கே எழுதத் தேவையில்லை. வேலை போனதற்காக அவள் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பதை மட்டும் எழுத வேண்டும்.

அன்று மாலை நான் அக்கா வீட்டுக்குப் போய், பாயைத் தூண்டிவிட்டது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். "தெரியும்லா," என்றார். "என்ன நீலம் வேணும்னு அப்பறமா பாய்கிட்ட கேட்டேன். தம்பி சொன்ன நீலம்னாரு." தோசை கருகுகிறது என்று உள்ளே போய்விட்டார்.

ஒரு வாரம் கழித்து என் மனைவி அவரிடம் ஒரு உதவி கேட்டாள். "அக்கா, இவரு தனியா உக்காந்திருக்கறது பாக்க ஒரு மாதிரியா இருக்கு. பக்கத்துல என்னயும் சின்னதாப் போட்டுடுங்களேன்."

"நீ அங்க இல்லியே," என்றார் அக்கா.

"அதனால என்ன? போனாப் போச்சு."

போனோம். நாங்கள் இருவரும் மோட்டார் சைக்கிளில், அக்கா அவருக்குப் பிடித்த பஸ்ஸில். மனைவி புதுச் சேலை கட்டியிருந்தாள். தண்ணீர் ஏறியிருந்தது. "ரிஜெக்ட்," என்றார் அக்கா, நாற்காலியை விரிக்காமலே. அடுத்த தடவை தண்ணீர் வற்றியிருந்தது, ஆனால் வெயில் அடித்தது. மலை வேறு வந்துவிட்டது. ரிஜெக்ட். மூன்றாம் தடவை மனைவி சலித்துப்போய், வீட்டில் போடும் பழைய பாஜு உடையிலேயே வந்தாள். வானம் முழுக்க மேகம். மணி பத்து இருபது. நாய்கூட வந்திருந்தது.

நான் மீன்பெட்டி மேல் உட்கார்ந்தேன், அதே சீருடையில், அக்காவின் உத்தரவு. மனைவி இடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படிங்க இத்தன நாளு ஒண்ணும் பண்ணாம உக்காந்திருந்தீங்க?"

"கடலப் பாத்துக்கிட்டுத்தான்."

"கடலும் ஒண்ணும் பண்ணலியே."

"அதனாலதான் உக்கார முடிஞ்சுது."

அவள் அந்தப் பழுப்பையே பார்த்தாள். பிறகு கையைக் கொண்டுவந்து என் முதுகில், அந்த ஒட்டுத் துணியின் மேல் வைத்தாள். எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து அக்கா கத்தினார். "கைய எடுக்காத! வரைய ஆரம்பிச்சாச்சு!" அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்து தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

நான் இப்போது ஒரு மரக்கடையில் லோரி ஓட்டுகிறேன். அக்கா வேலையை விட்டுவிட்டுப் பாலிங்குக்குத் தங்கை வீட்டோடு போய் வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே ரப்பர் மரம் உண்டு, கடல் கிடையாது. என்ன வரைகிறீர்கள் என்று போனில் கேட்டேன். "மழ," என்றார். "எத்தன மணி மழ?" என்று கேட்டேன். சந்தோஷப்பட்டார்.

படம் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. அக்கா எங்கள் வீட்டுக்கே வந்து, பலகையைத் தரையில் இறக்கி வைத்து, கடற்கரையில் அட்டையில் வரைந்ததைப் பார்த்து என் பக்கத்தில் என் மனைவியை வரைந்து முடித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் கலராப் போட்டிருக்கலாம்லா அக்கா," என்றாள். "மேகத்துல ஒன் கலரு அதுதான்," என்றார் அக்கா. பிறகு பலகையைத் திருப்பினார். சீட்டில் 'ஆள்: 1' என்பதில் ஒன்றைக் குறுக்கே ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 2 என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு?"

"திருத்தம் பண்ணுனா ரெண்டு பேரு கையெழுத்து வேணும். பாத்துட்டுப் போடு. உண்மையா இருந்தா மட்டும் போடு."

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் இன்னமும் தன் நிறத்தைப் பற்றித்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.